ஓடுகாலி நட்சத்திரம்

முதல்லயே சொல்லிடறேன், எங்க மாமா திருடன் இல்ல. அவரைத் திருடன்னு யாராவது சொன்னா நானே சண்டைக்குப் போவேன். அவர் பண்ணது வேற. கண்ணு முன்னாடி இருந்ததைப் பார்க்க மாட்டேன்னு அடம் பிடிச்சார். எங்க குடும்பத்துல பொண்ணு எடுத்தவர் இல்லையா, அடம் பிடிக்கறதுல பாதியை அக்காகிட்ட கத்துக்கிட்டிருப்பார். மீதி சொந்தச் சரக்கு.

மாமான்னா அக்கா வீட்டுக்காரர். வானியல் துறையில பேராசிரியர். அதே துறையில நான் ஒப்பந்த வேலை. வருஷாவருஷம் அவர் கையெழுத்துப் போட்டாதான் எனக்கு நாற்காலி. வீட்டுல மாமா, துறைக்குள்ள சார். கல்யாணம் முறிஞ்சு நான் ஒரு பெட்டியோட வந்து நின்னப்போ வீட்டுல இடம் கொடுத்தது அக்கா, வேலையில இடம் கொடுத்தது மாமா. அந்த நன்றி எனக்கு இன்னைக்கும் உண்டு. நன்றி இருக்குன்னு கண்ணைக் குத்திக்க முடியாது, அவ்வளவுதான்.

என் வேலை என்னன்னு சொல்லிடறேன், இல்லன்னா மீதி புரியாது. மலை உச்சியில பெரிய தொலைநோக்கி ஒண்ணு இருக்கு. வானம் முழுக்கத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கறதுதான் அதோட பிழைப்பு. எடுத்த படம், அளந்த அளவு எல்லாத்தையும் இணையத்துல பொதுவுல வெச்சிடுவாங்க. நீங்க வேணாலும் எடுத்துப் பார்க்கலாம், காசு கிடையாது. உங்களுக்குப் பிடிச்ச நட்சத்திரம் வானத்துல எந்த இடத்துல இருக்குன்னு ரெண்டு எண்ணைக் கொடுத்தா, அது எந்தெந்த ராத்திரி எவ்வளவு வெளிச்சமா இருந்ததுன்னு கொட்டும். கொட்டறதுல குப்பை எது, குண்டுமணி எதுன்னு பிரிக்கறது நான்.

அந்த வெளிச்சத்தை எப்படி அளக்கறாங்கன்னா, நீங்க கொடுத்த இடத்துல படத்து மேல பொடி வட்டம் ஒண்ணு போடுவாங்க. வட்டத்துக்குள்ள விழுந்த வெளிச்சத்தை எல்லாம் கூட்டினா அதுதான் அளவு. வட்டத்தைப் பெரிசா போடக்கூடாது, பக்கத்து வீட்டு நட்சத்திரமும் உள்ள வந்துடும்.

மாமா கண்டுபிடிச்ச நட்சத்திரம் ஒரு சின்ன சிவப்பு நட்சத்திரம். பத்து வருஷத்து அளவை வரைபடமா போட்டா, படிக்கட்டு மாதிரி கீழ கீழ இறங்குது. வருஷாவருஷம் மங்குது. ஏதோ ஒரு தூசி மேகம் அதைச் சுத்தி மூடிக்கிட்டு வருது, நம்ம காலத்துலயே அது கண்ணுக்குத் தெரியாம போயிடும்னு மாமா கட்டுரை எழுதினார். நல்லா எழுதியிருந்தார், அதையும் சொல்லணும். வெள்ளிக்கிழமை பெரிய அரங்குல அறிவிப்புக் கூட்டம். எங்க நிறுவனத்து இயக்குநர் வரார், பத்திரிகைக்காரங்க வராங்க, வெளியிலிருந்து ஆய்வாளர்கள் வராங்க. முன் வரிசையில அக்காவுக்கு ஒரு நாற்காலி. துறைத் தலைவர் பதவி ரெண்டு தடவை கைக்கு வந்து நழுவினவர் மாமா. அடுத்த வருஷம் ஓய்வு. இதை விட்டா வேற பஸ் கிடையாது.

கட்டுரையில என் பேரும் இருந்தது, தரவு எடுத்தவள்ங்கற முறையில. அதை வெளியிடற ஆய்வு இதழ்க்காரங்க, எழுதினவங்க ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா மின்னஞ்சல் அனுப்புவாங்க. படிச்சேன், ஒப்புக்கறேன்னு ஒரு பொத்தானை அழுத்தணும். அழுத்தறதுக்கு முன்னாடி ஒருதரம் சரிபார்த்துடலாமேன்னு திங்கட்கிழமை காலையில உட்கார்ந்தேன்.

எல்லாரும் அளவைத் தேதிவாரியா அடுக்குவாங்க. எனக்கு ஒரு கெட்ட பழக்கம், அந்தந்த ராத்திரி காற்று எப்படி இருந்ததுங்கற வரிசையிலயும் அடுக்கிப் பார்ப்பேன். காற்று தெளிவா இருந்தா நட்சத்திரம் கூர்மையான புள்ளியா விழும். கலங்கலா இருந்தா பூசின மாதிரி அகலமா விழும். அடுக்கினேன். அடுக்கிட்டு ரெண்டு தடவை கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். கடைசி ரெண்டு மூணு வருஷத்துல, தெளிவான ராத்திரியில இந்த நட்சத்திரம் மங்கலா இருக்கு. கலங்கின ராத்திரியில பளிச்னு இருக்கு. ஊர் உலகத்துல இப்படி ஒரு நட்சத்திரம் உண்டா?

அப்புறம்தான் யாரும் செய்யாத வேலையைச் செஞ்சேன். படத்தைத் திறந்தேன். எண்ணை வெச்சுப் பிழைக்கிற எங்க ஆளுங்க படத்தைத் திறக்கவே மாட்டாங்க. கோடிக்கணக்குல இருக்கு, எதைன்னு திறக்கறது? வருஷத்துக்கு ஒண்ணா எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா வெச்சு ஓட்டினேன். சுத்தி இருக்கிற நட்சத்திரமெல்லாம் வெச்ச இடத்துல உட்கார்ந்திருக்கு. நம்ம ஆளு மட்டும் நடக்குது. வட்டம் பழைய இடத்துலயே நிக்குது, நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமா வட்டத்தை விட்டு வெளியில போய்க்கிட்டே இருக்கு. கடைசிப் படத்துல அது வட்டத்துக்கு வெளியில ஜம்முன்னு எரியுது. உள்ள விழறது ஓரத்து வெளிச்சம் மட்டும்தான். கலங்கின ராத்திரியில அது பூசின மாதிரி அகலமாகும்போது கொஞ்சம் கூடுதலா உள்ள வழியுது. பளிச்னு தெரிஞ்ச மர்மம் அவ்வளவுதான்.

சிரிச்சேன், சத்தமாவே சிரிச்சேன். வீடு மாத்திட்டுப் போனவரைப் பழைய வீட்டு வாசல்ல நின்னு தேடிட்டு, ஆளு போய்ச் சேர்ந்துட்டார்னு ஊரைக் கூட்டினா எப்படி இருக்கும்? அங்கேயே அதுக்கு ஓடுகாலின்னு பேர் வெச்சேன். சொந்தக்காரங்க ஒரு காலத்துல எனக்குக் கொடுத்த பட்டம் அது. சும்மாதானே கிடக்குன்னு தூக்கி அதுக்குக் கொடுத்துட்டேன்.

பக்கத்து மேஜைக்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கு நாங்க வெச்ச பேர் ஆமாஞ்சாமி. சார் எது சொன்னாலும் ஆமாங்க சார்தான். அளவெடுக்கற கணினி நிரலை எழுதினவர் அவர். நட்சத்திரத்தோட இடத்தை ஒரு பழைய பட்டியல்லருந்து எடுத்துப் போட்டிருந்தார். நட்சத்திரம் எவ்வளவு வேகமா நகருதுன்னு புதுப் பட்டியல்ல தனியா இருக்கு. அதை யாரும் புரட்டல. பெரும்பாலான நட்சத்திரம் நம்ம ஆயுசுக்குள்ள கண்ணுல படற அளவுக்கு அசையாது, அதனால அந்தப் பழக்கம் விட்டுப்போச்சு.

படத்தைப் பார்த்துட்டு ஆமாஞ்சாமி முகம் வெளுத்துப்போச்சு.

"இப்ப பூனைக்கு யாருங்க மணி கட்டறது?" என்றார்.

"நிரல் உங்களோடது."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு மேடம்."

"எனக்கு ஒரு அக்கா இருக்கா," என்றேன். அவருக்குப் புரியல.

மாமா அறைக்குப் போனேன். மேஜை மேல வெள்ளிக்கிழமை அழைப்பு அட்டைக் கட்டு. நாற்காலி முதுகுல சலவைக்குப் போய் வந்த கோட்டு, பாலித்தீன் உறை கூட கழட்டல. கதவைச் சாத்திட்டு மடிக்கணினியை அவர் முன்னாடி வெச்சு படத்தை ஓட்டினேன். ஒருதரம் பார்த்தார். இன்னொருதரம் ஓட்டச் சொன்னார். கண்ணாடியைக் கழட்டினார். அவருக்குப் புரிஞ்சுபோச்சு, புரிஞ்சதை நானும் பார்த்துட்டேன். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர் மேல பாவமா இருந்தது.

"நகர்றதும் மங்கறதும் சேர்ந்தே நடக்கலாமே," என்றார்.

"வட்டத்தையும் கூடவே நகர்த்தி அளந்துட்டேன் மாமா. ஆடாம அசையாம நேர்க்கோடு. பத்து வருஷமா அதே வெளிச்சம்."

ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"இப்ப ஒண்ணும் கிளறாத. கட்டுரை வரட்டும். அப்புறமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். எல்லாரும் செய்யறதுதான்."

"நேத்து வரைக்கும் அது பிழை. இன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே எழுதினா பொய்."

"யார்கிட்ட பேசறோம்னு தெரிஞ்சு பேசு. உனக்கு இந்த நாற்காலியைக் கொடுத்தது யாரு?"

"நீங்கதான். உட்கார்ந்து பார்க்கத்தானே கொடுத்தீங்க? பார்த்துட்டேன்."

ஒப்புதல் தர மாட்டேன்னு சொன்னேன். தேவையில்ல, உன் பேரை எடுத்துடறேன்னார். ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுதுங்கறதையும் ஞாபகப்படுத்தினார். எனக்குக் கோபம் தலைக்கேறிப் போச்சு.

"என் பேரைத் தாராளமா எடுங்க. நட்சத்திரத்தை எங்க எடுத்து ஒளிச்சு வைப்பீங்க? அது நாளைக்கும் நடக்கும், நாளன்னைக்கும் நடக்கும்," என்று சொல்லிட்டு வந்துட்டேன்.

சாயங்காலம் அக்கா, நான் இப்ப தனியா இருக்கற வீட்டுக்கு வந்தா. பல் மருத்துவமனையில வரவேற்பு மேஜை அவளுக்கு. வேலை முடிஞ்சு நேரா வந்திருக்கா, சட்டையில பேர் அட்டை தொங்குது. காயப்போட்ட துணியை என்னோட சேர்ந்து மடிச்சுக்கிட்டே பேசினா. அம்மா போனப்புறம் என்னை வளர்த்தவ. என்னைத் திட்டணும்னா கூட ஏதாவது வேலை செஞ்சுக்கிட்டேதான் திட்டுவா.

"என்னடி பண்ணித் தொலைச்ச? மனுஷன் மத்தியானமே வீட்டுக்கு வந்து சோறு தண்ணி இல்லாம படுத்துட்டேன்னு போன்ல சொல்றார்."

"நான் ஒண்ணும் பண்ணல. அவர் எழுதினது தப்பு."

"தப்போ சரியோ, இந்த ஒரு தடவை வாயை மூடிட்டு இரேன். ரெண்டு தடவை அவருக்குக் கிடைக்க வேண்டியதைத் தட்டிப் பறிச்சாங்க. அப்பல்லாம் ராத்திரி உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கிட்டிருப்பார். உனக்குத் தெரியாது, நான் பார்த்தேன்."

"என்ன நடந்துச்சுன்னு சொல்றேன், கேளு."

"எனக்கு அதெல்லாம் புரியாது. புரியவும் வேணாம்."

"அப்படின்னா வெள்ளிக்கிழமை வராத அக்கா."

மடிச்சுக்கிட்டிருந்த துண்டை மடியில வெச்சுட்டு என்னைப் பார்த்தா. "வருவேன். என் புருஷன் மேடையில நிக்கறதைப் பார்க்க இத்தனை வருஷம் காத்திருந்தேன். நீ என்ன பண்ணப் போறன்னு எனக்குத் தெரியாது. நான் வருவேன்."

அவ போனதும் அழுதேன். ஒளிச்சு என்ன ஆகப்போகுது, அழுதேன். ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் எங்கேயோ கிடக்கற ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளி எனக்கு ஒருவேளை சோறு போட்டதில்ல. பேசாம இருந்தா வேலையும் இருக்கும், அக்கா வீட்டுச் சாப்பாடும் இருக்கும். ஆனா என்னை அளந்தவங்க எல்லாரும் பழைய இடத்துல வட்டம் போட்டு அளந்தவங்கதான். பாவம், வாழாவெட்டி, மங்கிப் போயிட்டான்னு எழுதினாங்க. நான் நகர்ந்து போய் வேற இடத்துல நல்லாத்தான் இருந்தேன். அதைச் சொல்ல அப்ப எனக்கு வாய் வரல. இப்ப வந்திருக்கு, மூடிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன்.

இயக்குநர்கிட்ட ரகசியமா போய்ச் சொல்லியிருக்கலாமேன்னு நீங்க கேட்கலாம். ஆமாஞ்சாமியும் அதைத்தான் சொன்னார். முதுகுக்குப் பின்னாடி போட்டுக் கொடுக்கற பழக்கம் எனக்குக் கிடையாது. வெள்ளிக்கிழமை காலையில மாமாவுக்கே செய்தி அனுப்பினேன்: "நீங்களே சொல்லிடுங்க மாமா. நீங்க சொன்னா நேர்மை. நான் சொன்னா உங்களுக்கு அவமானம்." படிச்சதுக்கு அடையாளம் வந்தது, பதில் வரல.

அரங்கு நிறைஞ்சிருந்தது. நான் கடைசி வரிசை. முன் வரிசையில அக்காவோட பின்னந்தலை தெரிஞ்சது, அன்னைக்குன்னு தலை படிய வாரியிருந்தா. மாமா அந்தக் கோட்டுல நல்லாத்தான் இருந்தார். திரையில படிக்கட்டு வரைபடம் வந்தது. "நம் கண் முன்னே ஒரு நட்சத்திரம் அணைந்துகொண்டிருக்கிறது," என்றார். பத்திரிகைக்காரங்க அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. கை தட்டினாங்க. கேள்வி நேரம் வந்தது, நான் கையைத் தூக்கினேன்.

மாமா என்னைத் தாண்டி வேற ஒருத்தரைக் காட்டினார். அடுத்ததும் வேற ஒருத்தரை. நான் கையை இறக்கல, வலிச்சது, இறக்கல. கடைசியில இயக்குநரே, "பின்னாடி ஒருத்தங்க ரொம்ப நேரமா கை தூக்கறாங்களே," என்றார்.

"அவங்க நம்ம தற்காலிகப் பணியாளர்தான். உள் விஷயம், அப்புறம் பேசிக்கலாம்," என்றார் மாமா.

நான் எழுந்து நின்னேன். "ஒரே ஒரு கேள்விதான் சார். காற்று கலங்கலா இருந்த ராத்திரியில மட்டும் இந்த நட்சத்திரம் ஏன் பளிச்னு இருக்கு?"

பத்திரிகைக்காரங்களுக்கு ஒண்ணும் புரியல. ரெண்டாவது வரிசையில இருந்த வெளி ஆய்வாளர்களுக்குப் புரிஞ்சது. ஒரு வயசான அம்மா பேனாவைக் கீழ வெச்சுட்டு மடிக்கணினியைத் திறந்தாங்க.

மாமா மேடை ஓரத்துக்கு வந்து அக்கா பக்கம் குனிஞ்சார். மெதுவாத்தான் சொன்னார், ஆனா கோட்டுல மாட்டியிருந்த மைக்கை மறந்துட்டார். "உன் தங்கச்சியை உட்காரச் சொல்லு." அரங்கு முழுக்கக் கேட்டது.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தா. இந்த உலகத்துல நான் பேச்சைக் கேட்கற ஆள் அவ ஒருத்திதான். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அப்புறம் முன்னாடி திரும்பினா.

"அவ கேட்டதுக்குப் பதில் என்னங்க?" என்று அவரைக் கேட்டா.

மைக் வேற இருக்கா, அதுவும் எல்லாருக்கும் கேட்டுச்சு. மாமா தண்ணி குடிச்சார். குடிச்ச டம்ளரை எங்க வைக்கறதுன்னு தெரியாம கையிலயே வெச்சுக்கிட்டிருந்தார்.

"படமெல்லாம் பொதுவுல இருக்கு," என்று நான் சொன்னேன். "யாரும் என்னை நம்ப வேணாம். திறந்து பாருங்க."

அந்த வயசான அம்மா ஏற்கெனவே திறந்திருந்தாங்க. "நகருதே," என்றாங்க, பக்கத்துல இருந்தவர்கிட்ட சொல்ற மாதிரி. பக்கத்துல இருந்தவர் எட்டிப் பார்த்தார், அவருக்குப் பக்கத்துல இருந்தவரும் பார்த்தார். இயக்குநர் மேடையைப் பார்த்தார்.

"தரவை மறுபடி பார்க்கணும்," என்றார் மாமா. அதுக்கப்புறம் கூட்டத்தை முடிச்சுட்டாங்க.

வெளியில வராந்தாவுலயே அலுவலகத்துக்காரர் என்னை மடக்கினார். பாவம், என் முகத்தைப் பார்க்காம சொன்னார், "சார் சொன்னாருங்க. இன்னைக்கே சாவியைக் கொடுத்துட சொன்னார்." அரை மணி நேரம் கொடுங்கன்னு மேல போனேன். ஆமாஞ்சாமி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்னார், என்ன சொல்றதுன்னு தெரியாம அந்தப் பழைய பட்டியலை நிரல்லருந்து எடுத்துட்டேங்கன்னு சொன்னார். அவர் சார்கிட்ட கேட்காம செஞ்ச முதல் வேலையா இருக்கும். நான் சரியான அளவு அத்தனையையும், படத்தையும், எப்படி எடுத்தேங்கறதையும் பொதுத் தளத்துல ஏத்தினேன். குறிப்புன்னு ஒரு கட்டம் இருந்தது. "நட்சத்திரம் நல்லா இருக்கு, யாரும் கவலைப்பட வேணாம்"னு எழுதி, கீழ என் முழுப் பேரையும் போட்டேன். துறைப் பேர் கேட்ட இடத்தைக் காலியா விட்டுட்டேன்.

பையைத் தூக்கிக்கிட்டு கீழ வந்தா, வாசல்ல அக்கா நின்னுக்கிட்டிருக்கா. மாமா தூரத்துல கார்ல உட்கார்ந்திருந்தார், கோட்டைக் கழட்டிட்டு. எனக்கு அவ முகத்தைப் பார்க்க பயமா இருந்தது. அரங்குல கூட அவ்வளவு பயம் வரல.

"கொஞ்ச நாள் வீட்டுப்பக்கம் வராத," என்றா.

"சரி."

"அவர் சரியாகற வரைக்கும். சரியாவார். ஆக்கிடுவேன்."

"சரிக்கா."

"வேலை போச்சா?"

"போச்சு."

தலையை ஆட்டினா. என் பை வாரு தோள்ல முறுக்கிக்கிட்டிருந்தது, அதை நேரா எடுத்து விட்டா. கையில பலமாவே இழுத்தா, வலிச்சது.

"என் மேல கோபமா?" என்று கேட்டேன்.

"இல்லாம? நாலு பேர் முன்னாடி என் புருஷன் டம்ளரோட நின்னார். அடிவயிறு எரியுது எனக்கு."

கார்ல மாமா ஹாரன் அடிச்சார். அக்கா திரும்பல. கேட்காம போனா என் தலையே வெடிச்சுடும் போல இருந்தது, அதனால கேட்டுட்டேன்.

"அப்ப நான் பண்ணது தப்பா அக்கா?"

"தப்புன்னு நினைச்சிருந்தா அங்கேயே உட்காருடின்னு சொல்லியிருப்பேன்," என்று சொல்லிட்டு காரைப் பார்த்து நடந்தா.